ஜெனரல் ஷிஃப்ட்டிலிருந்து மூன்று ஷிஃப்ட்டுக்கு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். ஷிஃப்ட் வேலைக்கு மாறியவர்களின் கடிதங்களைப் படிக்கும்போது ஒரு வருத்தம் மேலிடுகிறது. எல்லோரும் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். மன உறுதி போதவில்லை, உடம்பு சோம்பேறியாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். பகலில் தூங்க முடிவதும் முடியாமல் போவதும் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள் கையிலும், ஷிஃப்ட் அட்டவணை போடுபவர் கையிலும்தான் இருக்கிறது. கீழே உள்ள பதில்களை வீட்டிலும் படித்துக் காட்டுங்கள்.

ஒன்பது வருடம் ஜெனரல் ஷிஃப்ட்டில் இருந்தேன். இப்போது வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்பதில்லை. இது நோயா?
(ஸ்ரீராமபுரம், வயது 34)

நோய் இல்லை. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்தை வெளிச்சம்தான் திருப்புகிறது. நீங்கள் காலை 8 மணிக்குப் படுக்கும்போது உடல் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். எழுந்திரு என்று உடலே சொல்லும் நேரம் அது. அதனால் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட ஒன்று முதல் நான்கு மணி நேரம் வரை குறைவது இயல்பு.

ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் தூங்கியே தீருவேன் என்று போராடாதீர்கள். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 8 முதல் 12.30 வரை ஒரு தூக்கம், வேலைக்குக் கிளம்புமுன் மாலை 6.30 முதல் 8 வரை இன்னொன்று. வீடு திரும்பும்போது தொப்பி அணியுங்கள், கம்பெனி பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்காருங்கள். காலை வெயில் முகத்தில் பட்டால் மூளை "விடிந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பகுதியிலேயே ஒற்றை அறை வீட்டில் குடியிருந்த ஒரு லேத் தொழிலாளியைப் பார்க்கப் போயிருக்கிறேன். பழைய காலண்டர் அட்டைகளின் மேல் கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, ஜன்னலுக்கு அளவாக வெட்டி வைத்திருந்தார். வாசலில் ஒரு சிலேட்டு தொங்கியது. "அப்பா தூங்குகிறார். 1 மணிக்குப் பிறகு கூப்பிடவும்" என்று மகள் தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தாள். முதல் வாரம் தெருவே வேடிக்கை பார்த்ததாம். ஒரு மாதத்தில் "சொப்பு, சொப்பு" என்று கூவி வரும் கீரைக்காரர்கூட அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் குரல் கொடுத்தார். அந்த அட்டையும் சிலேட்டும் நான் எழுதிக் கொடுத்த எந்த மாத்திரையையும்விட நன்றாக வேலை செய்தன.

மருமகள் நர்ஸ். இரவு வேலை முடிந்து காலை 8.30 மணிக்கு வருகிறாள். 9.30க்குப் படுத்தால் பிற்பகல் 3 மணிக்குத்தான் எழுந்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். நான் சொன்னால் மகன் கோபப்படுகிறான்.
(அல்சூர், வயது 61)

அம்மா, உங்கள் மருமகளுக்கு இரவு தொடங்குவதே காலை 9.30 மணிக்குத்தான். ராத்திரி 2 மணிக்கு யாராவது உங்களைத் தட்டி எழுப்பி, பால் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் எப்படி இருக்கும்? பகல் 12 மணிக்கு அவளை எழுப்பினால் அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்.

விடியற்காலை 4 மணிக்கு உடல் வெப்பம் ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், கண் தானாகச் செருகும். அந்த நேரத்தில் ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய மருந்தின் அளவை அவள் சரியாகப் பார்த்து ஊசியில் ஏற்ற வேண்டும். அதற்குத் தேவையான தெளிவு உங்கள் வீட்டுப் படுக்கையில்தான் கிடைக்கிறது. அக்கம்பக்கத்தாரிடம், "மருமகள் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள்" என்று நீங்கள் ஒருமுறை அழுத்திச் சொன்னால் போதும், பேச்சு அடங்கிவிடும்.

உங்கள் வேலைச் சுமையையும் நான் மறக்கவில்லை. 61 வயதில் காலைச் சமையல் முழுவதும் உங்கள் தலையில் விழுவது நியாயமே இல்லை. அதை மகனிடம் கேளுங்கள். கோபப்படத் தெரிந்தவருக்குக் குக்கர் வைக்கவும் தெரிய வேண்டும். பிற்பகல் 4 மணிக்கு மூவரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிடுவதை வழக்கமாக்குங்கள். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு உள்ளூர இருக்கும் பெரிய குறை, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான்.

எங்கள் பிரிவில் இரவு, பிற்பகல், காலை என்ற வரிசையில் ஷிஃப்ட் சுற்றுகிறது. வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் கேட்கிறது. எது நல்லது?
(பொம்மசந்திரா, மேற்பார்வையாளர்)

கேட்டதற்கு உங்கள் நிர்வாகத்தைப் பாராட்ட வேண்டும். உடனே காலை, பிற்பகல், இரவு என்று திருப்பிவிடுங்கள். பெரும்பாலானவர்களின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கடினம்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இப்போதுள்ள வரிசையில், இடையில் விடுமுறை விழாவிட்டால், இரவு ஷிஃப்ட் காலை 6 மணிக்கு முடிந்தவர் அன்றே 2 மணிக்குத் திரும்பி வர வேண்டும். நடுவில் எட்டே மணி நேரம். பெங்களூரு நெரிசலில் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். வரிசையைத் திருப்பினால் ஒவ்வொரு மாற்றத்திலும் 24 மணி நேரம் கிடைக்கும். இன்னொன்றும் சொல்வேன். ஒரு வாரம் முழுக்க இரவு என்பதைவிட, இரண்டு மூன்று இரவுகளோடு நிறுத்திச் சுற்றுவது மேல். ஒரு வாரத்தில் உடல் பாதி திரும்பியிருக்கும்போது நாம் அதைப் பிடித்து மறுபடி திருப்புகிறோம். முதலில் ஒரே பிரிவில் இரண்டு மாதம் செய்து பார்த்துவிட்டு, தொழிலாளர்களிடமே கேளுங்கள்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன். ஜெனரல் ஷிஃப்ட்டில் சமாளித்தேன். இப்போது முடியவில்லை.
(மாரிக்குப்பம், வயது 41)

2001இல் சுரங்கம் மூடிய பிறகு உங்கள் ஊர்க்காரர்கள் அந்த ரயிலில் படும் பாட்டை அறிவேன். வீட்டு வாசலிலிருந்து வேலை வாசலுக்கு ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு மணி நேர வேலை, ஆறு மணி நேரப் பயணம் போக மிஞ்சுவது பத்து மணி நேரம். குளிக்க, சாப்பிட, பிள்ளைகளின் முகம் பார்க்க எல்லாம் அதற்குள்தான். ரயிலில் உட்கார்ந்தபடி கண் அசருவதைத் தூக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஆழமாகப் போவதில்லை.

இரவு ஷிஃப்ட் வாரத்துக்கு மட்டும், உங்களைப் போல வந்துபோகும் இருவரோடு சேர்ந்து வேலை இடத்துக்கு அருகே ஓர் அறை எடுங்கள். மூவருக்கும் வெவ்வேறு ஷிஃப்ட் என்றால் ஒரு கட்டிலே போதும். வாடகை சுமைதான், மறுக்கவில்லை. அதற்கும் வழியில்லை என்றால், தொலைவைக் காரணம் காட்டி ஜெனரல் ஷிஃப்ட் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள், நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை காலையும் இரவும். செக்யூரிட்டி மேற்பார்வையாளர் வேலையில் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். மாத்திரையை எப்போது சாப்பிடுவது?
(எலக்ட்ரானிக் சிட்டி, வயது 48)

இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ஷிஃப்ட் அட்டவணையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பலரும் அதைச் சொல்வதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அபாயம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தார். வழக்கப்படி காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். களைப்பில் இட்லியைத் தொடாமல் படுத்துவிட்டார். மதியம் அவர் மனைவி பார்த்தபோது தலையணை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கூப்பிட்டால் குழறினார். சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது. அந்த அம்மாள் பதறாமல், அவர் விழுங்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் இப்படிச் செய்யக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. உங்களுடையது எந்த வகை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரை கடிகாரத்தைப் பார்த்துப் போடுவதல்ல, சாப்பாட்டோடு போடுவது. நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சாப்பாட்டில், பெரிய உணவை வேலைக்குக் கிளம்புமுன் இரவு 8.30க்குள் முடியுங்கள். இரவில் அதே சோறு சர்க்கரையைப் பகலைவிட அதிகம் ஏற்றும். அதனால் 3 மணிக்குக் கேன்டீன் பரோட்டா வேண்டாம். நள்ளிரவில் ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும் போதும். முதல் இரண்டு வாரம் விடியற்காலை 3 மணிக்கும், தூங்கி எழுந்ததும் சர்க்கரை பார்த்துக் குறித்து வையுங்கள்.

இரவு ஷிஃப்ட் முடிந்து ஓசூருக்கு பைக்கில் போகிறேன். அத்திப்பள்ளி தாண்டியது எனக்கே நினைவில்லாத நாள்கள் உண்டு.
(ஓசூர், வயது 27)

தம்பி, நாளையிலிருந்து பைக்கை விட்டுவிடுங்கள். நினைவில்லாமல் ஒரு தூரத்தைக் கடந்தீர்கள் என்றால் சில விநாடிகள் கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போலத் தடுமாறும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிப்பதே 0.03 சதவீதம்தான். பஸ்ஸில் போங்கள். என்றாவது பைக்கில் போயே ஆக வேண்டுமென்றால், ஒரு காபி குடித்துவிட்டு, ஓய்வறையில் 20 நிமிடம் படுத்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் ஒரு கொட்டாவி வந்தாலும் ஓரம் கட்டுங்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இரண்டு பேரின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவன் நான்.

இரவில் ஆறு ஏழு டீ ஆகிறது. தவறா?

டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்குப் படுப்பவருக்கு நள்ளிரவு 2 மணி டீயே கடைசி. பகலில் தூக்கம் வருவதற்காகக் குடிக்கும் மது, தூக்கத்தைப் பாதியில் கலைத்துவிடும். அது வேண்டவே வேண்டாம்.

இரவு வேலை புற்றுநோய் தரும் என்கிறார்களே?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்ட்டை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் 2007இல் வைத்தது, 2019இல் அதை உறுதிசெய்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. பீதி வேண்டாம். இரவு வேலையில் இருக்கும் பெண்கள் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சனி இரவு வேலை முடிந்து ஞாயிறு காலை 6 மணிக்கு வருகிறேன். அதே ஞாயிறு இரவு 10 மணிக்கு வரச் சொல்லி, ஞாயிறு பகல்தான் வார விடுமுறை என்கிறார்கள்.

அது விடுமுறையே இல்லை. நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட்டில் வேலை செய்பவருக்கு, ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம்தான் ஒரு நாள் விடுமுறை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னதும் இதுதான், அதன் இடத்தில் வந்த 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் சொல்வதும் இதுதான். சங்கம் இருந்தால் அதன் வழியாகவும், இல்லையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டும் கேளுங்கள்.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று வருடமாக வலிப்பு வரவில்லை. கால் சென்டரில் இரவுக்கு மாறச் சொல்கிறார்கள். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
(வயது 24)

இரவுக்கு மாறாதீர்கள், அம்மா. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மூன்று வருடம் பொறுமையாக மாத்திரை சாப்பிட்டுச் சேர்த்ததை இழக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸிலோ நீங்கள் காட்டும் மருத்துவரிடமோ, "இரவுப் பணி கூடாது" என்று மட்டும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

திங்கள் இரவு என் முதல் இரவு ஷிஃப்ட். பயமாக இருக்கிறது.
(மர்பி டவுன், வயது 29)

சனி, ஞாயிறு இரண்டு இரவும் 1 மணி, 2 மணி வரை விழித்திருந்து, காலையில் தாமதமாக எழுந்திருங்கள். பையில் ஸ்வெட்டர் வையுங்கள். விடியற்காலை 4 மணிக்கு அடுப்படி போல் சுடும் பட்டறையிலும் உடம்பு சிலிர்க்கும். காய்ச்சலோ என்று பயப்பட வேண்டாம். கவனம் தேவைப்படும் வேலைகளை 3 மணிக்கு முன் முடித்துக்கொள்ளப் பாருங்கள். திங்கள் மதியம் சாப்பிட்டதும் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு 2 மணிக்குப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடியே இருங்கள். 3.30க்கு எழுப்பச் சொல்லி வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.