அணைவுச் சேர்மத்தில் மாற்றியம்: எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: ஐந்து அம்மோனியா உள்ள கோபால்ட் உப்பு, ஒன்றில் சல்பேட் அடைப்புக்குறிக்கு வெளியே, இன்னொன்றில் புரோமைடு வெளியே. எப்படிப் பிரித்தறிவது சார்?

அணைவுச் சேர்மம் என்றால் நடு உலோகத்தைச் சுற்றி மூலக்கூறோ அயனியோ ஒட்டியிருப்பது; மாற்றியம் என்றால் அதே அணுக்கள், வேறு அமைப்பு. அடைப்புக்குறிக்குள் இருப்பது உலோகத்தோடு ஒட்டியது, வெளியே இருப்பது கரைசலில் தனி அயனியாகத் திரியும். அதனால் இது சுலபம். கரைசலில் பேரியம் குளோரைடு விட்டதும் வெள்ளை வீழ்படிவு வந்தால் சல்பேட் வெளியே. வரவில்லையா, வேறு குழாயில் சில்வர் நைட்ரேட் விடுங்கள், வெளிர்மஞ்சள் என்றால் புரோமைடு. சூடாக்க மட்டும் வேண்டாம், உள்ளே இருப்பதும் கழன்று வந்து ஏமாற்றிவிடும்.

கேள்வி: சிஸ்பிளாட்டினா டிரான்ஸ்பிளாட்டினா என்று வேதிச் சோதனையில் தெரியுமா?

இரண்டிலும் பிளாட்டினத்தைச் சுற்றி இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு; ஒரே வகை இரண்டும் பக்கத்தில் இருந்தால் சிஸ், எதிரெதிரே இருந்தால் டிரான்ஸ். தெரியும், குர்னகோவ் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது. தயோயூரியா சேர்த்தால் முதலில் இரண்டு குளோரைடும் போய் அந்த இடத்தில் தயோயூரியா உட்காரும். தனக்கு நேர் எதிரே இருப்பதைத் தளர்த்துவதில் அது கெட்டிக்காரி. சிஸ்ஸில் எதிரே இருப்பது அம்மோனியா, அதையும் தள்ளிவிட, கடைசியில் நான்கு இடமும் தயோயூரியா, மஞ்சள் கரைசல். டிரான்ஸில் தயோயூரியாவுக்கு எதிரே தயோயூரியா, அம்மோனியாவுக்கு எதிரே அம்மோனியா, அதனால் இரண்டோடு நின்றுபோய் அதிகம் கரையாத வெள்ளைப் படிகம் கிடைக்கும். கையுறை அவசியம், சிஸ்பிளாட்டின் புற்றுநோய் மருந்து, நச்சு.

கேள்வி: நான்முகியில் (நான்கு முக்கோண முகம் கொண்ட வடிவத்தில்) சிஸ், டிரான்ஸ் உண்டா?

கிடையாது. எல்லா மூலையும் ஒன்றுக்கொன்று பக்கத்து மூலைதான்.

கேள்வி: இரண்டு எத்திலீன்டைஅமீன், இரண்டு குளோரைடு உள்ள கோபால்ட் அயனியில் ஒளிசுழற்சி (தளமுனைவுற்ற ஒளியின் தளத்தைத் திருப்பும் தன்மை) எந்த மாற்றியத்துக்கு? படம் வரைந்தால் குழப்பமாக இருக்கிறது.

படத்தை விடுங்கள். உருளைக்கிழங்கில் ஆறு ஈர்க்குச்சி குத்தி, ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் பிடிக்கும் எத்திலீன்டைஅமீனுக்குப் பக்கத்துக் குச்சி இரண்டை இணைத்து நூல் கட்டித் திருப்பிப் பாருங்கள். டிரான்ஸில் சமச்சீர் தளம் இருக்கும், அதனால் சுழற்சி இல்லை. சிஸ்ஸில் இருக்காது, ஆடிப் பிம்பம் அதன் மேல் பொருந்தாது. வேதியியலாளர் வெர்னர் 1911இல் இப்படிப்பட்ட கோபால்ட் உப்பை இரண்டு ஆடிப் பிம்ப வடிவங்களாகப் பிரித்துக் காட்டியபோது 'அந்தச் சுழற்சி கார்பனால் வந்தது' என்றார்கள். மனிதர் விடவில்லை, 1914இல் கார்பனே இல்லாத ஒன்றைப் பிரித்துக் காட்டினார்.

கேள்வி: நைட்ரோ மஞ்சள், நைட்ரிட்டோ சிவப்பு. நிறம் மட்டும் போதாதா?

போதாது. இரண்டிலும் ஒட்டுவது அதே NO₂ தான், நைட்ரோவில் நைட்ரஜன் வழி, நைட்ரிட்டோவில் ஆக்சிஜன் வழி. அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள், ஆக்சிஜன் வழி இணைந்த நைட்ரிட்டோவுக்கு 1065 செ.மீ⁻¹ பக்கத்தில் வலுவான பட்டை வரும். உடனே எடுக்க வேண்டும், ஏனென்றால் சிவப்பு உப்பு புட்டியில் சும்மா இருக்கும்போதே மெல்ல மஞ்சளாக மாறிவிடும்.