பரிசோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள், வயிறு வலிக்கிறதே?

கேள்வி: எனக்கு வயது 34. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரம் கடுமையான வயிற்றுப்போக்கு. அது நின்றாலும் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சாப்பிட்டதும் முறுக்கிப் பிடிக்கிறது. மலம் கழித்தால்தான் அடங்குகிறது. ரத்தப் பரிசோதனை, கொலோனோஸ்கோப்பி, திசுப் பரிசோதனை எல்லாம் இயல்பு. 'எல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவிட்டார்கள். இது என் கற்பனையா? பிற்காலத்தில் குடலைப் புண்ணாக்கும் கிரோன் நோயாக மாறிவிடுமா?

பதில்: உங்கள் வலி கற்பனை இல்லை. மூன்று ஆண்டுகளாக வலியோடு இருப்பவரிடம் 'மனசுதான்' என்று சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கொலோனோஸ்கோப்பி குடலின் உட்பரப்பைத்தான் பார்க்கும். திசுப் பரிசோதனைக்குக் கிள்ளி எடுப்பதும் அந்தச் சளிப்படலத்தின் ஒரு துணுக்குதான். குடலை அசைக்கும் நரம்பு வலை இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடுகிறது. கிள்ளிய துணுக்கில் அது வராது. 'இயல்பு' என்றால் புண், அழற்சி, கட்டி எதுவும் காணவில்லை என்று பொருள். நரம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று அந்த அறிக்கை பேசுவதில்லை.

அந்த நரம்பு வலை சாதாரணமானதும் அன்று. 1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர்கள், வெளியிலிருந்து நாயின் குடலுக்கு வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, குடலை ஓரிடத்தில் தூண்டினார்கள். அந்த இடத்துக்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்தது. மூளையின் கட்டளை இல்லாமலே உணவை முன்னே தள்ள அதற்குத் தெரிந்திருந்தது! குடல் சுவரில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புச் செல்கள் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஒரு வார வயிற்றுப்போக்கு. 2021-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடல் தொற்று கண்ட எலிகளுக்கு அதே சமயத்தில் முட்டைப் புரதம் ஒன்றையும் கொடுத்தார்கள். தொற்று முழுவதும் நீங்கிய பிறகு அந்தப் புரதத்தை மட்டும் கொடுத்தபோதும் குடல் வலிக்கான அறிகுறிகள் தெரிந்தன. குடல் சுவரின் நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தப் புரதத்தை எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வாமையில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க, பக்கத்து வலி நரம்புகள் கூர்மையாகிவிட்டன. புண்ணோ அழற்சியோ தெரியாமலே வயிறு வலித்து மலப்போக்கும் மாறும் எரிச்சலுறும் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ள 12 பேரின் குடல் சுவரில் சில உணவுப் பொருள்களின் சாற்றைச் செலுத்தியபோதும் செலுத்திய இடத்தில் இத்தகைய எதிர்வினை தெரிந்தது. உங்கள் குடலிலும் இதுதான் நடந்தது என்று கடிதத்தை வைத்து நான் சொல்லமாட்டேன். ஆனால் தொற்றுக்குப் பிந்தைய ஐ.பி.எஸ். நன்கு அறியப்பட்ட ஒன்று. உங்கள் மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

மனத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் பெரும்பாலான இழைகள் குடலின் செய்தியை மேலே கொண்டுபோகின்றன. வலி கவலையைக் கூட்டும், கவலை வலியைக் கூட்டும். மனச்சோர்வுக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் எழுதித் தந்தால், 'எனக்கு மனநோயா' என்று கலங்காதீர்கள். வலி நரம்புகளைத் தணிக்கவே அந்த அளவு. நீங்களாகவே உணவுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி உடலை மெலிய வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஐ.பி.எஸ். கிரோன் நோயாக மாறுவதில்லை. கிரோன் அழற்சி நோய், இரண்டும் வேறு. ஆனாலும் மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் பழைய அறிக்கையை நம்பி இருந்துவிடாதீர்கள். உடனே போய்க் காட்டுங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, அழற்சியின்போது கூடும் புரதத்தின் அளவைப் பார்த்தாலே குடலில் அழற்சி இருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.