700 எம்பி சிடியில் அதற்கு மேல் எழுத முடியுமா?

கொஞ்சம் முடியும். வட்டில் குறிப்பிட்ட அளவைத் தாண்டி எழுதுவதை ஓவர்பர்னிங் என்பார்கள்.

80 நிமிடம், 700 எம்பி என்பது உற்பத்தியாளர் உறுதி தரும் அளவு. சிடியில் தரவு உள்ளிருந்து வெளியே ஒரே சுருள் பாதையாகச் செல்கிறது. தரவு முடிந்ததும், முடிவைக் காட்ட ஏறத்தாழ 90 விநாடிப் பகுதி ஒதுக்கப்படுகிறது. அதற்கு அப்பாலும் விளிம்புவரை சிறிது பாதை இருப்பதுண்டு. ஓவர்பர்னிங் இந்த மிச்ச இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது.

கோடு போட்ட நோட்டில் இடம் போதாமல் ஓரத்து வெற்றிடத்தில் எழுதுவதைப் போன்றது இது. தாளைப் பிடிக்கும் விரல் அங்கேதான் படும், மை கலையும். சிடியிலும் விரல்ரேகையும் கீறலும் முதலில் சேருவது விளிம்பில்தான். அங்கே தரவு பதியும் சாயப் பூச்சும் சீராக இருக்கும் என்று சொல்ல முடியாது. எழுதும் டிரைவும் மென்பொருளும் இதற்கு இடம்கொடுக்க வேண்டும். வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும். கிடைப்பதோ பெரும்பாலும் ஓரிரு நிமிடம். ஒரு பாட்டின் கடைசி வரியைக் காப்பாற்ற அது போதும்; முக்கியமான கோப்புகளை நான் அங்கே வைக்கமாட்டேன்.

பலர் நினைப்பதுபோல் இதில் தரவு சுருக்கப்படுவதும் இல்லை, நெருக்கி எழுதப்படுவதும் இல்லை. அதே அடர்த்தியில் பாதை மட்டும் நீள்கிறது.