பதில் சொன்னது யார்?

கேள்வி: சார், எங்கள் அலுவலகத்தில் நாற்பது கம்ப்யூட்டர், மூன்று பிரிண்டர், ஒரு சர்வர். காலையில் வந்ததும் ஒவ்வொன்றாக பிங் அடித்துப் பார்த்து (நெட்வொர்க் வழியே கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று சோதித்து) நோட்டில் டிக் போடுவது என் வேலை. இரண்டு குழப்பம். ஒரு கம்ப்யூட்டரில் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார், ஆனால் பிங்குக்குப் பதிலே வருவதில்லை. இன்னொன்றை அணைத்து ஒரு வாரம் ஆகிறது, அதற்கு பிங் அடித்தால் இழப்பு 0% என்று வருகிறது! பிங்கை நம்பலாமா, கூடாதா?

பதில்: அணைத்த மெஷின் பதில் சொன்ன அதிசயத்தை முதலில் பார்ப்போம். நீங்கள் விண்டோஸில்தான் அடித்திருக்கிறீர்கள், இல்லையா? அடுத்த முறை கடைசி வரியை விட்டுவிட்டு மேலே உள்ள நான்கு வரிகளைப் படியுங்கள். நீங்கள் கூப்பிட்ட ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு மெஷினுக்கு உள்ள எண்) 192.168.1.35 என்று வைத்துக்கொள்வோம். வரியில் 'ரிப்ளை ஃப்ரம் 192.168.1.20: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' (அந்த மெஷினை எட்ட முடியவில்லை) என்று இருக்கும். அந்த 20 யார்? உங்கள் கம்ப்யூட்டரேதான். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பையனை அனுப்புகிறீர்கள். அவன் திரும்பி வந்து "யாரும் இல்லை" என்கிறான். விண்டோஸ் அதையும் 'பதில் வந்தது' என்று கணக்கில் ஏற்றிவிடுகிறது. அனுப்பியது 4, வந்தது 4, தொலைந்தது 0. கணக்கு சரி, ஆனால் வீட்டில் ஆள் இல்லை. அதனால் சதவீதத்தைப் பார்க்கும் முன் 'ரிப்ளை ஃப்ரம்' என்பதற்குப் பக்கத்தில் யாருடைய முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது பதில் சொல்லாத மெஷின். இதில் நான் சூடுபட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவுப் பணியில், ஒரு சர்வர் பிங்குக்குப் பேசவில்லை. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' (காத்திருந்தும் பதில் இல்லை) என்று வரிசையாக வந்ததும் பதறிப்போய், யாரிடமும் கேட்காமல் பவர் பட்டனை அழுத்தி ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலை யாரோ ஃபயர்வாலில் (எதை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவலில்) பிங்கை மட்டும் அடைத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க ஓட வேண்டிய கணக்கு வேலை பாதியில் அறுந்தது. மறுநாள் காலை நான் கேட்ட வசவை இங்கே எழுத முடியாது.

பிங் அனுப்புவது ஐசிஎம்பி என்ற வகைச் செய்தி. 'இருக்கிறாயா?' என்று எக்கோ கேட்கும், 'இருக்கிறேன்' என்று எக்கோ திரும்பும், அவ்வளவுதான். ஃபயர்வால் அதை மட்டும் தடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் விடலாம். ஆகவே பிங்குக்குப் பதில் வந்தால் அந்த முகவரியில் யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். வராவிட்டால் எதுவும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே சுவிட்சில், ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் மெஷின் என்றால் எளிய வழி உண்டு. பிங் அடித்த கையோடு 'ஏஆர்பி மைனஸ் ஏ' என்று அடியுங்கள். பட்டியலில் அந்த ஐபிக்கு எதிரே மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் எண்) வந்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார், கதவைத்தான் திறக்கவில்லை. ஐபி முகவரிக்கு உரிய கார்டு எது என்று கேட்கும் கேள்விக்கு மெஷின் பதில் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதனால் பக்கத்தில் யாரோடும் பேச முடியாது. (ஆஃப் ஆன மெஷினின் பழைய பதிவு கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அவசரப்பட வேண்டாம்.) வேறு நெட்வொர்க்கில் உள்ள சர்வர் என்றால் அது செய்யும் வேலையையே சோதியுங்கள். வெப் சர்வர் என்றால் 443 போர்ட் (வெப் சேவைக்கான வாசல்) திறக்கிறதா என்று விண்டோஸ் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' வைத்துப் பார்க்கலாம். லினக்ஸில் 'நெட்கேட்' இருக்கிறது.

அந்த நோட்டு டிக் வேலையையும் விட்டுவிடுங்கள். விண்டோஸ் பிங் ஒரு பதிலுக்கு நான்கு வினாடி வரை காத்திருக்கும், நான்கு முறை கேட்கும். பேசாத பத்து மெஷின் இருந்தால் உங்கள் காபி ஆறிவிடும். இதற்கென்றே 'எஃப்பிங்' என்ற கருவி லினக்ஸில் உண்டு. ஒருவரிடம் கேட்டுவிட்டு பதிலுக்காக நிற்காமல் அடுத்தவரிடம் போய்விடும், பதில்கள் வரவர டிக் அடித்துக்கொள்ளும். 'எஃப்பிங் மைனஸ் ஏ மைனஸ் ஜி 192.168.1.0/24' என்று கொடுத்தால் அந்த வரிசையின் 254 முகவரிகளையும் தட்டிப்பார்த்து, உயிரோடு இருப்பவற்றை மட்டும் வரிக்கு ஒன்றாகக் காட்டும். உங்கள் நாற்பத்து நான்கு முகவரிகளை ஒரு ஃபைலில் எழுதி 'மைனஸ் எஃப்' மூலமும் கொடுக்கலாம். எல்லோரும் பேசினால் முடிவுக் குறியீடு 0, சிலர் பேசாவிட்டால் 1. அதை வைத்து ஸ்கிரிப்ட் எழுதினால் மெயில் தானாக வரும். உங்கள் பொறுப்பில் உள்ள நெட்வொர்க்கில் மட்டும் இதைச் செய்யுங்கள். அடுத்தவர் நெட்வொர்க்கில் வரிசையாகக் கதவு தட்டினால் திருடன் என்றுதான் நினைப்பார்கள்.

கேள்வி: ரொம்ப தூரத்தில் உள்ள சர்வருக்கு பிங் 180 மில்லிசெகண்ட் காட்டுகிறது. இன்டர்நெட் ஸ்பீடை ஏற்றினால் குறையுமா?

பதில்: பெரும்பாலும் குறையாது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 100 கிலோமீட்டர் தூரம் போய்வரவே 1 மில்லிசெகண்ட் ஆகிவிடும். தூரத்துக்கு எந்த பிளானிலும் தள்ளுபடி கிடையாது.

கேள்வி: 'பிங்' என்பது எதன் சுருக்கம்?

பதில்: எதன் சுருக்கமும் இல்லை. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதியபோது, நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலி எழுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதை நினைத்து வைத்த பெயர். விரிவாக்கமெல்லாம் பின்னால் வேறொருவர் ஒட்டியது. மூஸே சொன்ன ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நெட்வொர்க் நிர்வாகிக்கு, இணைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டே இருந்தது. அவர் பிங்கைப் பேசும் புரோகிராமோடு கோத்துவிட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர் "பிங்" என்று கத்தும். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, அதுதான் பழுது.

லினக்ஸ் பிங்கிலும் 'மைனஸ் ஏ' போட்டால் பதிலுக்கு ஒரு பீப் வரும், டெர்மினலில் சத்தத்தை மூடி வைக்காமலிருந்தால். எஃப்பிங்கில் அதே 'மைனஸ் ஏ'வுக்கு உயிரோடு இருப்பவர் பட்டியல் என்று பொருள், குழப்பிக்கொள்ளாதீர்கள்.