நடக்கையின் முடிவு

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். கல்லூரி நாட்களில் என்னை விசுவாசத்தில் நடத்திய போதகர் இப்போது சபைச் சொத்துக்காகச் சொந்தத் தம்பியோடு கோர்ட்டில் நிற்கிறார். அவருடைய பிரசங்கங்களை நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி எந்த மனிதரையும் முன்மாதிரியாக வைக்கப்போவதில்லை, இயேசு மட்டும் போதும். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு மிஷனரிகளின் கதையைச் சொல்வதுகூட இப்போது உறுத்துகிறது. நாமே விக்கிரகங்களை உண்டாக்குகிறோமோ? இந்தச் சபையில் நீடிப்பதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

எபிரெயர் 13-ஆம் அதிகாரத்தைச் சில வாரங்களாகவே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருந்த ஒருவர் இப்படி ஆனால் யாருக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். அழுங்கள். நோட்டைக் கிழித்ததற்கும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் "இயேசு மட்டும் போதும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். பார்ப்பதற்குப் பக்தியாக இருக்கிறது, உள்ளே கோபம்தான் இருக்கிறது. "நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல, நீங்கள் என்னைப் பின்பற்றுகிறவர்களாயிருங்கள்" என்று பவுல் கூசாமல் எழுதினார். தன் இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவனுடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தை நினைவூட்டினார். அதே நிருபத்தின் கடைசியில், உடன் ஊழியனான தேமா தன்னைவிட்டுப் போனதையும் சொல்கிறார். அத்தனை அடிபட்ட பிறகும் 'இனி ஒருவரையும் பார்க்காதே' என்று தீமோத்தேயுவுக்கு அவர் சொல்லவில்லை. உங்களுக்கும் இயேசுவைக் காட்டியது யாரோ ஒரு மனுஷிதானே, உங்கள் அம்மாவோ பாட்டியோ?

விக்கிரகம் என்ற பயம் வேண்டாம். செத்துப்போன மிஷனரிகளை யாரும் கும்பிடவில்லை. உயிரோடு மேடையில் நிற்கிறவர்கள் விஷயத்தில்தான் நமக்குப் புத்தி மழுங்குகிறது.

நான் வாசித்துக்கொண்டிருக்கும் எபிரெயர் 13:7-ஐ முழுதாகப் பாருங்கள்: "தேவவசனத்தை உங்களுக்குப் போதித்து உங்களை நடத்தினவர்களை நீங்கள் நினைத்து, அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து, அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றுங்கள்." நீங்கள் முடிவைப் பார்த்தீர்களா? ஒரு மனிதரை அவருடைய நடுவயதில், மைக்கும் கூட்டமும் கையில் இருந்தபோது பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள். குரல் நன்றாக இருந்திருக்கும். பதவி கையைவிட்டுப் போகும்போது ஒருவர் என்ன ஆகிறார் என்று பார்க்காமல் அவரை முன்மாதிரி என்று சொல்லாதீர்கள். பல வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர் குறைவு.

கொல்லிமலையில் ஊழியம் செய்த எவிலின் பிராண்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? அவருடைய மகன் டாக்டர் பால் பிராண்டைச் சொல்லியிருப்பீர்கள், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவைச் சிகிச்சையால் சீராக்கியவர். எவிலின் இங்கிலாந்தில் வசதியான வீட்டில் 1879-ல் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். கணவர் ஜெஸ்ஸியோடு அந்த மலையில் குடியேறினார். 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். கன்வென்ஷன் பிரசங்கியார் யாராக இருந்தாலும் கதையை இங்கே கண்ணீரோடு முடித்துவிடுவார். எனக்கு இதற்குப் பிறகுதான் கதையே. விதவையான எவிலின் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வைத்தது. மனசு மட்டும் மலையில் இருந்தது. எழுபதை நெருங்கும்போது ஓய்வு வயது என்றார்கள். ஓய்வு பெற்றார், நேராக மலை ஏறினார். இப்போது மிஷனின் பெயர் இல்லை, பொறுப்பு இல்லை, பின்னால் யாரும் இல்லை. கொல்லிமலையோடு நிற்கவில்லை, மற்ற மலைகளுக்கும் மட்டக்குதிரையில் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது. மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு மறுபடி நடந்தார். டாக்டரான மகன் கெஞ்சியும் இறங்கி வரவில்லை. கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்திருக்கவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974-ல், 95 வயதில் இறந்தார். ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். 'உன் வேலை முடிந்தது' என்று சொல்லப்பட்ட பிறகு கால் நூற்றாண்டு!

அவர் செய்ததையெல்லாம் நீங்கள் செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்பது வயது பாலையும் அவனைவிடச் சின்னவளான தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள் அந்தப் பெற்றோர். பால் தகப்பனை மறுபடி பார்க்கவேயில்லை. என்னால் அது முடியாது, உங்களையும் செய்யச் சொல்லமாட்டேன். பின்பற்றச் சொல்லியிருப்பது விசுவாசத்தை.

திருநெல்வேலிப் பக்கம் தோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேலும் அப்படித்தான். கோயில்களிலிருந்து மீட்ட குழந்தைகளைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். 1931-ல் விழுந்து அடிபட்டபின், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்ததை யார் பிரசங்கிக்கிறார்கள்?

எங்கள் ஊர் உபதேசியார் ஓய்வுபெற்ற வாரமே சபை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சிறுவர்களாகிய நாங்கள் கொதித்தோம். அவர் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு, புதிதாக வந்த உபதேசியாரை வீடு வீடாக அழைத்துப்போனார். எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். குடையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். முதலில் கூட்டிப்போனது, காலி செய்யச் சொன்ன கமிட்டிக்காரர் வீட்டுக்கு. அவருடைய மனைவி படுக்கையில் கிடந்தார். புதியவரை ஜெபிக்கச் சொல்லிவிட்டுப் பழையவர் வாசற்படிக்கு அருகில் முழங்கால்படியிட்டார்.

உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஓய்வுபெற்ற டீச்சர், பழைய வேதாகம ஸ்திரீ, யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாட்டி. போய் உட்காருங்கள். ஆலோசனை கேட்காதீர்கள், யாருக்காக ஜெபிக்கிறார்கள் என்று கேளுங்கள். யூடியூபில் தேடினால் கிடைக்காது.

பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள், முதுமைவரை சொல்லுங்கள். எவிலின் குதிரையிலிருந்து விழுந்ததையும் சொல்லுங்கள், பிள்ளைகளை விட்டுவந்ததையும் மறைக்காதீர்கள். கஷ்டமான கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். சபையை விட்டுப் போவதைக் கோபத்தில் முடிவு செய்யவேண்டாம். இந்த வருஷப் பாடத்தை முடித்துவிட்டு எழுதுங்கள், அப்போது பேசுவோம்.