டெஸ்க்டாப்பில் மட்டும் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா?

வணக்கம் நண்பரே. லேப்டாப்பில் ஒழுங்காகத் திறக்கும் ஹார்ட் டிஸ்க், டெஸ்க்டாப்பின் முன்பக்கம் செருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் போடுகிறது என்கிறீர்கள். டிஸ்க்குக்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், 3.0 என்றால் 900. முன்பக்க போர்ட்டுக்கு கேபினட்டுக்குள் ஒயர் வேறு சுற்றிப் போகிறது. பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் நீல நிற (3.0) போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள், நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் கருவி) வேண்டாம்.

சத்தம் நின்றும் தெரியவில்லையா? விண்டோஸில் இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். டிரைவ் எழுத்து (D, E போல) இல்லாவிட்டால் ரைட் கிளிக் செய்து ஒன்று கொடுங்கள், சரியாகிவிடும். ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அப்புறம், லேப்டாப்பில் திறக்கும்போதே முக்கியமான ஃபைல்களை இன்றே வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.