அஞ்சு மாத்திரையும் ஒரே நேரத்துல காபியோட குடுக்கலாமா?

சேலத்துல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "என் மாமியாருக்கு 64 வயசு. தைராய்டு, பிபி, சுகர், கேஸ், கால்சியம்னு அஞ்சு மாத்திரை. மறந்துடக்கூடாதுன்னு காலைல காபியோட அஞ்சையும் சேர்த்தே குடுத்துடறேன், ஒரு நாள் விட்டதில்ல. ஆனாலும் டிஎஸ்ஹெச் ஏறிட்டேதான் இருக்கு, டாக்டர் 50ஐ 75 ஆக்கி இப்ப 100 ஆக்கிட்டார். மாத்திரைங்க உள்ள போய் ஒண்ணோட ஒண்ணு மோதுமா? பிபி மாத்திரை கால்சியத்தை தடுக்கும்னு படிச்சேன், அப்ப கால்சியம் மாத்திரை எதுக்கு? சுகர் மாத்திரை பெருசா இருக்கு, உடைச்சு குடுக்கலாமா? மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு அடிப்படைல இருந்து தெரிஞ்சுக்கணும். நான் படிச்சது பி.காம்."

பி.காம் தாராளமா போதும்ங்க. பார்மகாலஜியோட, அதாவது மருந்து உடம்புல எப்படி வேலை செய்யுதுங்கற படிப்போட பாதி வரவு செலவு கணக்குதான், உள்ள எவ்ளோ வந்துச்சு, எங்கெங்க போச்சு, எவ்ளோ கரைஞ்சுச்சு, மிச்சம் எந்த வழியா வெளிய போச்சு. இந்த நாலு கேள்வியை எந்த மாத்திரைய எடுத்தாலும் கேட்டுப் பழகுங்க. மிச்ச பாதி, அந்த மருந்து உடம்புல எதைப் புடிச்சு வேலை செய்யுதுங்கறது.

முதல்ல தைராய்டு, ஏன்னா இங்கதான் உண்மையான சிக்கல் இருக்கு. அந்த மாத்திரைல இருக்கறது லெவோதைராக்சின். எம்ஜி கூட இல்ல, மைக்ரோகிராம்ல அளக்கற மருந்து, அதாவது எம்ஜில ஆயிரத்துல ஒரு பங்கு. இவ்ளோ கொஞ்சமா இருக்கற மருந்து, நல்லா வெறும் வயித்துல போட்டாலே 70, 80 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். கூட கால்சியம் இருந்தா குடலுக்குள்ளயே ரெண்டும் ஒட்டிக்கும், ஒட்டினது ரத்தத்துக்குள்ள ஏறாது, அப்படியே மலத்தோட வெளிய போயிடும். இரும்புச்சத்து மாத்திரையும் இதே வேலைய செய்யும். காபியும் உறிஞ்சறத குறைக்கும். கேஸ் மாத்திரை வயித்து ஆசிடை குறைக்கறதால தைராய்டு மாத்திரை சரியா கரையாது. உங்க மாமியாருக்கு ஒரே நேரத்துல மூணு தடையும் இருக்கு பாருங்க. டிஎஸ்ஹெச்ங்கறது ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் பத்தலைன்னா ஏர்ற அளவு, அது ஏர்றதுக்கு இதுவே காரணமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நீங்க ஒரு நாள் விடாம குடுத்தும் மருந்து சரியா உள்ள போகல, அதுதான் வருத்தமா இருக்கு, மாத்திரைய எழுதிக் குடுக்கறப்பவே யாராவது ஒரு நிமிஷம் இதை சொல்லியிருக்கணும்.

காலைல எழுந்ததும் வெறும் தண்ணியோட தைராய்டு மட்டும். அதுக்கப்பறம் அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு காபி, டிபன் எதுவும் வேணாம். கால்சியத்துக்கு குறைஞ்சது 4 மணி நேரம் இடைவெளி, அதனால மதியம் சாப்பாட்டோட வெச்சிடுங்க, கால்சியம் கார்பனேட்டா இருந்தா சாப்பாட்டோட போட்டாத்தான் அதுவும் நல்லா ஏறும்.

ஆனா இதை நாளைக்கே மாத்திடாதீங்க, தயவுசெஞ்சு இதை மட்டும் கவனமா படிங்க. இப்ப எழுதியிருக்கற 100, மருந்துல ஒரு பங்கு வீணாப் போறப்போ பார்த்து ஏத்தின டோஸ். திடீர்னு சரியான முறைல குடுக்க ஆரம்பிச்சா இன்னும் அதிகமா உள்ள போய் அளவு கூடிடலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை குறையறதுன்னு வரும், இந்த வயசுல இதயத்துடிப்பு தாறுமாறா ஆகவும் வாய்ப்பு உண்டு. அதனால டாக்டர்கிட்ட "இவ்ளோ நாளா காபி, கால்சியத்தோடதான் குடுத்தேன், இனிமே தனியா குடுக்கப்போறேன்"னு அப்படியே சொல்லிட்டு மாத்துங்க. டோஸை குறைக்கணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும்.

மாத்தின மறுவாரமே டெஸ்ட் எடுத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு மருந்து ரத்தத்துல பாதியா குறைய எடுத்துக்கற நேரத்தை அரை ஆயுள்னு சொல்லுவோம். பாராசிட்டமாலுக்கு அது 2, 3 மணி நேரம், அதனாலதான் காய்ச்சல் மறுபடி ஏறுது, திரும்ப போட வேண்டியிருக்கு. லெவோதைராக்சினுக்கு கிட்டத்தட்ட 7 நாள். டோஸை மாத்தினா புது அளவு நிலையா வந்து நிக்க நாலஞ்சு அரை ஆயுள் ஆகும், கணக்கு போட்டா ஒரு மாசத்துக்கு மேல. டாக்டருங்க 6 முதல் 8 வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச் பாருங்கன்னு சொல்றது இதனாலதான்.

எல்லா மருந்துக்கும் அரை ஆயுளை வெச்சே சொல்லிட முடியாது. கேஸ் மாத்திரை, அதாவது பேண்டோப்ரசோல், ரத்தத்துல பாதியாக 1 மணி நேரம்தான் ஆகும், ஆனா வேலை ஒரு நாளைக்கு நிக்குது! எப்படின்னா இது வயித்துல கரையற மாத்திரையே இல்ல, ஆசிடு பட்டா மருந்து கெட்டுடும்னு மேல கோட்டிங் போட்டிருப்பாங்க, குடல்ல போய் கரைஞ்சு, ரத்தத்துல ஏறி, சுத்திட்டு வந்து பின்பக்கமா வயித்துச் செல்லுக்குள்ள நுழையும். அங்க ஆசிடை வெளிய தள்ற பம்புகள்ல போய் ஒட்டிக்கும், ஒட்டினா விடாது. மருந்து ரத்தத்துல இருந்து போயிட்டாலும் அந்த பம்பு செத்தது செத்ததுதான், உடம்பு புதுசா பம்பு செஞ்சாத்தான் மறுபடி ஆசிடு. ஓடிட்டிருக்கற பம்பைத்தான் இது புடிக்கும், சாப்டறப்போதான் பம்பு நிறைய ஓடும், அதனாலதான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடச் சொல்றோம். சாப்டு முடிச்சு நெஞ்செரிச்சல் வந்தப்பறம் இதை முழுங்கறது பெருசா உதவாது.

பிபி மாத்திரை கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. அம்லோடிபின்தானே? அது கால்சியத்தை உடம்புல இருந்து எடுக்கறதில்ல. ரத்தக்குழாய் சுவர்ல இருக்கற தசை இறுகணும்னா செல்லுக்குள்ள கால்சியம் நுழையணும், அந்த வாசலை மட்டும் இது அடைக்குது, தசை தளருது, குழாய் விரியுது, பிபி இறங்குது. எலும்புக்குப் போற கால்சியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ரெண்டையும் தாராளமா சாப்டலாம். சில பேருக்கு இதுல கால் வீங்கும், குழாய் விரியறதால நீர் கணுக்கால் பக்கம் கசியறதுதான் அது. உடனே கிட்னி போச்சுன்னு பயந்துடாதீங்க, ஆனா டாக்டர்கிட்ட காட்டாமலும் விடாதீங்க.

இதுலேர்ந்து ஒண்ணு புரிஞ்சுக்கலாம். மாத்திரைக்கு எங்க போகணும்னு தெரியாது, ரத்தம் போற இடமெல்லாம் போகும், அது புடிக்கற பொருள் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் வேலை செய்யும். ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைங்க, ப்ரோஸ்டாக்லாண்டின்னு உடம்பே செய்யற ஒரு பொருள் உருவாகறதை தடுக்குதுன்னு 1971ல ஜான் வேன் கண்டுபுடிச்சார், 1982ல நோபல் பரிசும் வாங்கினார். வலி, வீக்கத்துக்கு காரணமான அதே ப்ரோஸ்டாக்லாண்டின்தான் வயித்துச் சுவரை ஆசிடுல இருந்து காப்பாத்துது, கிட்னிக்கு ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்குது. முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வாங்கி நாள் கணக்குல போட்டா வயிறு புண்ணாகறதும் பிபி ஏர்றதும் கிட்னி அடிவாங்கறதும் இதனாலதான். உங்க மாமியாருக்கு பிபி, சுகர் ரெண்டும் இருக்கு, அதனால வலி மாத்திரைய டாக்டரைக் கேக்காம வாங்கவே வாங்காதீங்க.

சுகர் மாத்திரை அட்டைய திருப்பிப் பாருங்க. மெட்ஃபார்மின் பேருக்குப் பக்கத்துல எஸ்ஆர், இஆர், எக்ஸ்ஆர்னு ஏதாவது இருந்தா அது மெதுவா மருந்தை விடறதுக்குன்னே செஞ்ச மாத்திரை. உடைச்சாலோ பொடிச்சாலோ நாள் முழுக்க மெதுவா வர வேண்டிய மருந்து ஒரே அடியா வந்து வயித்தைக் கலக்கிடும். முழுங்க முடியலைன்னா சின்ன சைஸ்ல, சாதா மாத்திரைய ரெண்டு வேளையா எழுதித் தர முடியுமான்னு கேளுங்க. இந்த வகை மாத்திரையோட கூடு சில சமயம் மலத்துல முழு மாத்திரை மாதிரியே வெளிய வரும், மருந்தெல்லாம் இறங்கின வெறும் கூடுதான் அது, இன்னொண்ணு எடுத்து குடுத்துடாதீங்க. அப்பறம், மெட்ஃபார்மினை கல்லீரல் உடைக்கறதில்ல, கிட்னி வழியா அப்படியேதான் வெளிய போகணும். கிட்னி மந்தமானா உடம்புல தேங்கும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கற கிரியாட்டினின் டெஸ்டை எழுதிக் குடுத்தா தள்ளிப்போடாதீங்க.

மேற்கொண்டு கத்துக்க அந்த அட்டைங்கதான் உங்களுக்கு நல்ல பாடம். பெருசா போட்டிருக்கற கம்பெனி பேரை விட்டுட்டு, மருந்தோட பேரைப் படிங்க. ப்ரசோல்னு முடிஞ்சா ஆசிடு பம்பை புடிக்கறது, டிபின்னு முடிஞ்சா அந்த கால்சியம் வாசல், சார்டன் வேற வழில பிபி குறைக்கறது, ஸ்டாடின் கொலஸ்ட்ராலுக்கு. ரெண்டு டாக்டர் ரெண்டு கம்பெனி பேர்ல ஒரே மருந்தை எழுதியிருந்தா இப்படித்தான் கண்டுபுடிக்க முடியும். புதுசா ஒரு மருந்து ஆரம்பிச்சு ஏதாவது பக்கவிளைவுன்னு தோணுச்சுன்னா டாக்டரைப் பார்க்கறதோட, 1800 180 3024ங்கற இலவச எண்ணுலயும் சொல்லலாம், இந்திய பார்மகோபியா கமிஷன்ங்கற அரசு அமைப்பு நடத்தறது.

அடுத்த தடவை போறப்போ இன்னொண்ணும் கேளுங்க: கேஸ் மாத்திரை இன்னும் தேவைதானா? எப்பவோ ஒரு வாரத்துக்கு எழுதினதை வருஷக்கணக்கா சாப்டறவங்க நிறைய பேர் இருக்காங்க. பேண்டோப்ரசோலும் மெட்ஃபார்மினும் ரெண்டுமே நாள்பட சாப்டா பி12 சத்தைக் குறைக்கும், ரெண்டும் சேர்ந்தா இன்னும் அதிகம். கால் மரத்துப்போறது, எரிச்சல், மறதின்னு ஏதாவது இருந்தா சுகராலதான்னு நினைச்சு விட்டுடாம, பி12 டெஸ்ட் ஒண்ணு பார்க்கலாமான்னு கேளுங்க.